அப்பா கையில கொடுக்குற பேட்டரிக்கு மாட்யூல் போதுமா?

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரெண்டு மாசம் ஆச்சு. கவிதை எழுதுற நண்பர்களும் சினிமா விமர்சனம் எழுதுற நண்பர்களும் இன்னைக்கு என்னை மன்னிக்கணும். மேட்டர் லித்தியம் பேட்டரி. பதிவர்கள்ல சால்டரிங் அயர்ன் பிடிச்ச கைகள் கொஞ்சம் உண்டுன்னு தெரியும், முக்கியமா அவங்களுக்குத்தான் இது. மத்தவங்களும் படிச்சு வைங்க. உங்க வீட்டுலயும் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் செஞ்சு கொடுத்த பேட்டரி, கட்டிலுக்கு அடியில சார்ஜ் ஆகிக்கிட்டு இருக்கலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நாலு செல்லை வரிசையா அடுக்கின பேக்குக்கு சார்ஜ் சர்க்யூட் தேடும்போது நாம எல்லாரும் கேக்குறது மூணே கேள்வி: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எவ்வளவு ரூபா. இந்த மூணுக்கும் முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இதை பிளக்ல சொருகப்போறது யாரு? அந்தக் கேள்வியை நான் கேக்காம விட்டேன். அதுக்கு என்ன விலை கொடுக்கப் பார்த்தேன்னு சொல்றேன்.

அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். தென்காசிப் பக்கம் கிராமம். புரட்டாசி வந்துட்டா பெருமாள் கோயில்ல ராமாயணம் சொல்லப் போவார், மத்த நாள்ல பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவார். அவர்கிட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, மைக் சொருகிப் பேசுறது. உள்ளே 12 வோல்ட் 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி. அது மட்டுமே ரெண்டு கிலோவுக்கு மேல. எழுபது வயசுக்கு மேல அதைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியலன்னு போன்ல ஒரு தடவை சொன்னார். குறையாக் கூடச் சொல்லல, பேச்சுவாக்குல சொன்னார்.

விடுவேனா? பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைச்சு எடுத்த 18650 செல் எங்கிட்ட ஒரு டப்பா நிறைய இருந்தது. ஒவ்வொண்ணும் 45 கிராம் சொச்சம். எட்டை எடுத்து, ரெண்டு ரெண்டா இணையா, நாலு ஜோடி வரிசையா கட்டினேன். நம்ம பாஷையில 4 எஸ் 2 பி. மொத்தமே 400 கிராம் வரல. நாலு எஸ்னா முழுசா ஏறினதும் 16.8 வோல்ட், இறங்கினதும் 12 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் போர்டு 18 வோல்ட் வரைக்கும் தாங்கும், அதனால பிரச்சனை இல்ல. சார்ஜ் பண்ண வீட்டுல சும்மா கிடந்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர். நடுவுல ரிச்சி ஸ்ட்ரீட்ல நூத்திச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கின எக்ஸ்எல்4015 மாட்யூல், ரெண்டு திருகு வச்சது. ஒரு திருகுல 16.8 வோல்ட், இன்னொண்ணுல ஒன்றரை ஆம்பியர். பாதுகாப்புக்கு ஒரு பிஎம்எஸ் போர்டு. ஒரு ஞாயித்துக்கிழமையில முடிஞ்சது. தங்கமணி கூட "பரவாயில்லையே, உருப்படியா ஒண்ணு பண்ணிருக்கீங்க"ன்னு சர்டிஃபிகேட் கொடுத்தாங்க.

எட்டு மாசம் நல்லா ஓடிச்சு. ஒரு நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு அப்பா போன்.

"ஏலே, ஒன் பேட்டரி பை தொட முடியாம சுடுது. வயரைப் பிடுங்கிட்டேன். முத்தத்துல கொண்டு போய் வச்சிருக்கேன். ஒண்ணும் ஆகாதுல்லா?"

"யப்பா, அதைத் தொடாதீங்க. பக்கத்துல போகாதீங்க. அம்மாவையும் போக வேண்டாம்னு சொல்லுங்க."

"நான் ராத்திரி பூரா அது பக்கத்துலதாம்ல படுத்திருந்தேன்."

இந்தக் கடைசி வரியை நான் இன்னும் மறக்கல.

அடுத்த பஸ் பிடிச்சு ஊருக்குப் போய், வெளியில வச்சே மல்டிமீட்டரால அளந்தேன். மூணு ஜோடி 4.13 பக்கம். ஒரு ஜோடி மட்டும் 4.31. வயரைப் பிடுங்கி ஒரு நாள் கழிச்சு இந்த அளவுன்னா, ராத்திரி சார்ஜ்ல இருக்கும்போது இன்னும் மேல இருந்திருக்கும்.

எப்படி வந்தது? கணக்கு ரொம்ப எளிசு. மாட்யூலுக்குத் தெரிஞ்சது மொத்தம் 16.8 வோல்ட் மட்டும்தான். நாலும் சமமா 4.2ன்னாலும் 16.8. மூணு 4.15ல நின்னு ஒண்ணு 4.35க்குப் போனாலும் அதே 16.8தான். என் எட்டு செல்லும் பழசு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரகம். ஒரு ஜோடி மத்ததை விட சீக்கிரம் கிழடு தட்டிருச்சு, கொள்ளளவு குறைஞ்சிருச்சு. சின்ன டம்ளர் முதல்ல நிரம்புற மாதிரி அது முதல்ல நிரம்பி, மேல மேல ஏறியிருக்கு.

"பிஎம்எஸ் எங்கய்யா போச்சு?" நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன். ஒரு செல் 4.25ஐத் தாண்டினா அது வெட்டி விட்டிருக்கணும். வெட்டல. கட்டும்போது ஒரு தடவை அவுட்புட் வயர் ரெண்டும் உரசி டப்புனு பொறி பறந்தது. மீட்டர் வச்சுப் பார்த்தேன், வோல்டேஜ் வந்தது, சரின்னு விட்டுட்டேன். அன்னைக்கே அதுல இருந்த மாஸ்ஃபெட் ஷார்ட்டாகியிருக்கணும். மாஸ்ஃபெட் செத்தா பெரும்பாலும் திறந்துக்காது, ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்ட மாஸ்ஃபெட் பார்வைக்கு நல்லா வேலை செய்யுற மாஸ்ஃபெட் மாதிரியே இருக்கும், அதைக் கூப்பிட வேண்டிய நாள் வர்ற வரைக்கும். வித்த கடை மேலயோ செஞ்ச கம்பெனி மேலயோ குத்தம் இல்ல. குத்தம் என் மேல.

சரி, கொசுவத்தியை நிறுத்திட்டு விஷயத்துக்கு வர்றேன். இந்த சம்பவத்துக்கு அப்புறம் நான் உக்காந்து படிச்சு, எனக்கே திரும்பச் சொல்லிக்கிட்டது இது.

முதல்ல, கன்வெர்ட்டர் வேற, சார்ஜர் வேற. எக்ஸ்எல்4015, எல்எம்2596 எல்லாம் கன்வெர்ட்டர். அதுங்க வேலையை அதுங்க ஒழுங்காத்தான் செய்யுது. லித்தியத்துக்கு வேண்டியது சிசி-சிவி. ஆரம்பத்துல நிலையான கரண்ட், செல்லுக்கு 4.2 வந்ததும் நிலையான வோல்டேஜ். இதோட கதை முடியலை, மூணாவதா ஒரு கட்டம் இருக்கு. கரண்ட் தானா குறைஞ்சு குறைஞ்சு, பேக் கொள்ளளவுல பத்துல ஒரு பங்கு, இருபதுல ஒரு பங்குன்னு வந்ததும் சார்ஜை முழுசா நிறுத்தணும். லெட் ஆசிட்டை ஃப்ளோட்ல போட்டுட்டுத் தூங்கலாம், லித்தியத்தை அப்படி 4.2லயே பிடிச்சு வைக்கக் கூடாது. ரெண்டு திருகு மாட்யூலுக்கு "போதும்"னு சொல்லத் தெரியாது. ராத்திரி பூரா 16.8லயே பிடிச்சு வச்சிருக்கும். எங்க வீட்டுல அதைத்தான் செஞ்சது.

உண்மையான சார்ஜர் ஐசி இன்னும் சிலது பார்க்கும். செல் 3 வோல்ட்டுக்குக் கீழ கிடந்தா முழு கரண்டையும் தள்ளாது, கொஞ்சமா கொடுத்து எழுப்பிப் பார்க்கும். குறிச்ச நேரத்துக்குள்ள நிரம்பலைன்னா சந்தேகப்பட்டு நிறுத்தும். ஒரு 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரை செல் மேல ஒட்டி விட்டா சூடு பார்க்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜ் பண்ணினா லித்தியம் உலோகமாப் படியும், நம்ம ஊருக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா 45 டிகிரிக்கு மேலன்னா குறைக்கணும் இல்ல நிறுத்தணும். மே மாசம் ஓட்டு வீட்டுல மூடின பெட்டிக்குள்ள 45 ஒண்ணும் தூரம் இல்ல.

ரெண்டாவது, எந்த மாதிரி சர்க்யூட். இதுல பலரும் சறுக்குற இடம் ஒண்ணு. இன்புட் வோல்டேஜ் எப்பவும் பேக்கோட உச்சத்துக்கு மேலன்னா பக். எப்பவும் பேக்கோட அடிமட்டத்துக்குக் கீழன்னா பூஸ்ட். நடுவுல வெட்டிக்கிட்டுப் போச்சுன்னா பக்-பூஸ்ட். கேக்க சுலபமா இருக்கு. ஆனா "12 வோல்ட் பேட்டரிதானே, 12 வோல்ட் அடாப்டர் போதும்"னு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். 3 எஸ் பேக் காலியா இருக்கும்போது 9 வோல்ட், நிரம்பும்போது 12.6. அடாப்டர் 12. பக் போட்டா கடைசி வரை நிரம்பாது. பூஸ்ட் போட்டா இன்னும் மோசம். சாதாரண பூஸ்ட் சர்க்யூட்ல இன்புட்டுல இருந்து இன்டக்டர், டையோடு வழியா பேட்டரிக்கு நேர் பாதை உண்டு. பேட்டரி 9லயும் இன்புட் 12லயும் இருந்தா ஐசி ஸ்விட்சை நிறுத்தி வச்சாலும் கரண்ட் கட்டுப்பாடில்லாம பாயும். கதவைச் சாத்தலாம்னு பார்த்தா, அங்க கதவே கிடையாது.

யூஎஸ்பி-சி ஆளுங்களுக்கும் இதே கதைதான். பவர் டெலிவரி சார்ஜர் 5, 9, 15, 20 வோல்ட்னு கொடுக்கும். எல்லா சார்ஜரும் 20 கொடுக்காது. 4 எஸ் பேக்குக்கு யூஎஸ்பி-சி வேணும்னா, 5 வந்தாலும் 20 வந்தாலும் சமாளிக்குற பக்-பூஸ்ட் சார்ஜர்தான் நேர்மையான வழி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல பிக்யூ25792ன்னு ஒண்ணு இருக்கு. ஒண்ணுல இருந்து நாலு செல், 3.6ல இருந்து 24 வோல்ட் இன்புட், 5 ஆம்பியர் வரைக்கும். 19 வோல்ட் அடாப்டர் மட்டும்தான்னா பிக்யூ24610 மாதிரி பக் சார்ஜர் போதும். ஆறு செல் வரைக்கும் தாங்கும், மைக்ரோகன்ட்ரோலர் தேவையில்ல, ரெசிஸ்டர் வச்சே வோல்டேஜ், கரண்ட் எல்லாம் செட் பண்ணலாம்.

"ஸ்விட்சிங்லாம் எதுக்கு, பழைய லீனியர் ரெகுலேட்டர் போடக் கூடாதா"ன்னா, கணக்குப் போட்டுப் பாருங்க. 19 வோல்ட் இன்புட், காலியான பேக் 12 வோல்ட், 2 ஆம்பியர். 7ஐ 2ஆல் பெருக்கினா 14 வாட் வெறும் சூடு. அதையும் பேட்டரி இருக்குற அதே பெட்டிக்குள்ளயே வைப்போம்.

மூணாவது, சார்ஜ் ஆகும்போதே பெட்டி ஓடுமா? அப்பா அப்படித்தான். சொருகி வச்சுக்கிட்டே பேசுவார். 4 ஏஹெச் பேக், 200 மில்லி ஆம்பியருக்குக் கீழ போனா நிறுத்தணும்னு சார்ஜருக்குச் சொல்லி வச்சிருக்கோம்னு வைங்க. ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலயே தொங்கிக்கிட்டு 300 மில்லி இழுத்தா, சார்ஜர் 200ஐப் பார்க்கவே பார்க்காது. பேட்டரி இன்னும் பசியா இருக்குன்னு நினைச்சு ஊட்டிக்கிட்டே இருக்கும். இதுக்குத்தான் பவர் பாத் உள்ள ஐசி. அடாப்டர் இருக்கும்போது லோடு அடாப்டர்ல இருந்தே ஓடும், பேட்டரிக்குப் போறது தனிக் கணக்கு. இல்லைன்னா ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட்டு, சார்ஜ்ல இருந்தா பெட்டி ஓடாதுன்னு வச்சுடணும்.

நாலாவது, கரண்ட் போனா என்ன ஆகும்? மாட்யூலுக்குள்ள இருக்குற மாஸ்ஃபெட்டோட பாடி டையோடு வழியா பேட்டரி திரும்ப அடாப்டர் பக்கம் பாயும். அடாப்டரைப் பிடுங்கின பிறகும் மாட்யூல் எல்இடி எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அழகா இருக்கேன்னு ரசிச்சேன், ஹிஹி. அது என் பேட்டரியைத் தின்னுக்கிட்டிருந்த விளக்கு. ஒரு டையோடு போட்டு நிறுத்தலாம்தான். ஆனா டையோடு அரை வோல்ட் சாப்பிடும், கரண்ட் குறையக் குறைய அந்த அரை வோல்ட்டும் மாறும், நீங்க திருகி வச்ச 16.8 தப்பாயிடும். சார்ஜர் ஐசி இதையும் யோசிச்சு செஞ்சது.

அஞ்சாவது, பிஎம்எஸ். இது சார்ஜர் இல்லை, பக்கத்து வீட்டு ஃபயர் சர்வீஸ். தினமும் அடுப்பை அணைக்க ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுவீங்களா? நிறைய பேர் அதைத்தான் பண்றோம். மேல வோல்டேஜைக் கொஞ்சம் தாராளமா வச்சுட்டு, "பிஎம்எஸ் வெட்டிடும்"னு சார்ஜ் முடிக்குற வேலையை அது தலையில கட்டறோம். அது கடைசி வேலி. வேலியையே தினக் கதவா பயன்படுத்தினா வேலி உடைஞ்சது கூட நமக்குத் தெரியாது. பேலன்ஸ் பண்ற பிஎம்எஸ்னாலும் அதுல இருக்குறது ஒரு சின்ன ரெசிஸ்டர். 62 ஓம்னா 4.2 வோல்ட்ல 68 மில்லி ஆம்பியர்தான். செல்லுக்குச் செல் 100 மில்லி ஆம்பியர் மணி வித்தியாசம் இருந்தா, சரி செய்ய ஒன்றரை மணி நேரம். அதுல வர்ற சின்னச் சின்ன வித்தியாசத்தைத் தீர்க்கலாம். கிழட்டு செல்லை வாலிபனாக்க முடியாது.

இப்ப என் வாதம். இதைப் படிச்சதும் சிலர் "அண்ணாச்சி ரொம்ப பயமுறுத்துறார், நாங்க பத்து வருஷமா மாட்யூல்லதான் ஓட்டுறோம்"னு சொல்லப் போறீங்க. உண்மைதான், நானும் ஓட்டுறேன். என் மேசை மேல, என் கண் முன்னாடி, மீட்டர் பக்கத்துல வச்சுக்கிட்டு. மாட்யூல்ல இல்லாத அந்த மூளை அப்ப என் மண்டையில இருக்கு. எப்ப நிறுத்தணும்னு எனக்குத் தெரியும், எந்த செல் கிழடுன்னு தெரியும், சூடானா பிடுங்கத் தெரியும். சர்க்யூட்டோட பாதி நான்தான். அதை அப்பா கையில கொடுத்தப்போ பாதி சர்க்யூட்டைத்தான் கொடுத்தேன். மீதிப் பாதி சென்னையில உக்காந்து ஆணி புடுங்கிக்கிட்டிருந்தது. நூத்திச் சொச்சம் ரூபாய்ல நான் மிச்சம் பிடிச்சது எதைன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

"அப்ப ஐமேக்ஸ் பி6 மாதிரி பேலன்ஸ் சார்ஜர் வாங்கிக் கொடுத்திருக்கலாமே"ன்னு ஏரோமாடலிங் நண்பர் ஒருத்தர் சொன்னார். அருமையான சாமான்தான், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பார்க்கும். ஆனா எந்த ரகம், எத்தனை செல், எத்தனை ஆம்பியர்னு ஒவ்வொரு தடவையும் பட்டன் அமுக்கிச் சொல்லணும். கண்ணாடி போடாம கம்பராமாயணத்தையே மனப்பாடமா சொல்றவர்கிட்ட அந்த மெனுவைக் கொடுத்தா, ஒரு நாள் தப்பா அமுக்குவார். தப்பு அவருடையதா இருக்காது.

இன்னொரு வாதமும் உண்டு, இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. "நீங்க சொல்ற ஐசி எல்லாம் காலே இல்லாத கியூஎஃப்என் பேக்கேஜ். ஹாட் ஏர் வேணும், நாலு அடுக்கு போர்டு வேணும், இன்டக்டர் வைக்குற இடம் தப்பினா அதுவும் புகையும். நாங்க எங்க போறது?" ஒத்துக்குறேன். நான் பிக்யூ24610 போட்டு ஒரு போர்டு செஞ்சு பார்த்தேன். முதல் ரெண்டு சொர்க்கம் போயிடுச்சு. மூணாவது வேலை செஞ்சது. அதையும் அப்பாவுக்குக் கொடுக்க மனசு வரலை.

அதனால கடைசியா செஞ்சது, ஹாபிக்காரன் மானத்துக்குக் கொஞ்சம் இழுக்குதான். பழைய செல் எல்லாத்தையும் ஒதுக்கிட்டேன். புதுசா, ஒரே பேட்ச்ல நாலு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், 32700 சைஸ், 6 ஏஹெச். நாலும் சேர்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நாமினல் 12.8 வோல்ட், உச்சம் செல்லுக்கு 3.65 வீதம் 14.6. லெட் ஆசிட் இருந்த இடத்துல அப்படியே உக்காரும். இந்த ரகமும் எரியவே எரியாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா தறிகெட்டுப் போக இன்னும் நிறைய சூடு வேணும். சார்ஜர்? பெட்டிக்குள்ள ஒரு மாட்யூலும் இல்லை. 14.6 வோல்ட் 2 ஆம்பியர், லித்தியம் பாஸ்பேட்டுக்குன்னே செஞ்ச, தானா நிறுத்துற ரெடிமேட் சார்ஜர். புது பிஎம்எஸ். இந்தத் தடவை பெஞ்ச் சப்ளை வச்சு, ஒரு செல்லை வேணும்னே மேல ஏத்தி, அது வெட்டுதான்னு கண்ணால பார்த்துட்டுத்தான் மூடினேன். வேலியைச் சோதிக்காம வேலின்னு நம்பக் கூடாது.

இன்னும் ஒண்ணு, சின்ன விஷயம், ஆனா இதுதான் முக்கியம்னு நினைக்குறேன். முன்னாடி இருந்தது சாதாரண உருண்டை பின். வீட்டுல இருக்குற பாதி அடாப்டர் அதுல நுழையும். பழைய 19 வோல்ட் அடாப்டரை ஒரு நாள் சொருகினா என்ன ஆகும்? அதை மாத்தி மூணு பின் வச்ச திருகு கனெக்டர் போட்டேன். அந்த ஒரு சார்ஜரைத் தவிர வேற எதுவும் அதுல நுழையாது. வோல்ட், ஆம்பியர் எல்லாம் நமக்கு. அவருக்குத் தெரிய வேண்டியது, நுழைஞ்சா சரி, நுழையலைன்னா தப்பு.

சொந்த சந்தோஷத்துக்கு எதை வேணும்னாலும் கட்டுங்க மக்களே. நானும் கட்டுவேன், அதுல ஒரு சுகம் இருக்கு. ஆனா நாம கட்டினதை இன்னொருத்தர் கையில கொடுக்குற நிமிஷத்துல, அது நம்ம ஹாபி இல்லை, அவரோட வீடு. அவர் அது பக்கத்துல படுத்துத் தூங்குவார். சூடு, நேரம், நிறுத்துற கரண்ட், ஒவ்வொரு செல் இதெல்லாம் நாம அங்க இல்லாம பார்த்துக்கத் தெரிஞ்ச சர்க்யூட்னா கொடுக்கலாம். இல்லைன்னா ரெடிமேட் வாங்கிக் கொடுக்குறதுல ஒரு வெக்கமும் இல்லை.

போன வாரம் ஊர்ல அப்பா பேசுனதைக் கேட்டேன். பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் போனார். முடிஞ்சு வந்ததும் சார்ஜரைச் சொருகிட்டு, பையை எடுத்துக்கிட்டு வெளித்திண்ணைக்குப் போனார்.

"யப்பா, இப்ப உள்ளயே வைக்கலாம், பயமில்லை."

"ஒன் மேல நம்பிக்கை இருக்குலே. இருந்தாலும் திண்ணையிலயே இருக்கட்டும்."

அவர் சொன்னதும் சரிதான்னு நானும் விட்டுட்டேன்.

டிஸ்கி: பழைய லேப்டாப் செல் டப்பா இன்னும் எங்கிட்டதான் இருக்கு. தங்கமணி அதைக் குப்பையில போடச் சொல்றாங்க. லித்தியம் செல்லைக் குப்பையில போடக் கூடாது, மின்கழிவு எடுக்குறவங்ககிட்டதான் கொடுக்கணும்னு சொல்லி நாள் கடத்திக்கிட்டிருக்கேன். காரணம் உண்மைதான், ஆனா அது மட்டுமே காரணம் இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும்.